என்கொயரி முடியும்வரை வீட்டில்தான்

வேலை நாளன்று காலை பதினோரு மணிக்கு, லுங்கி கட்டிக்கொண்டு சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளையைப் பற்றி ஆம்பூரில் அந்த நாட்களில் மூன்றே அபிப்பிராயங்கள் உண்டு. அவனுக்கு உடம்பு சரியில்லை. அல்லது வேலை கிடைக்கவில்லை. அல்லது கிடைத்த வேலையிலிருந்து சஸ்பெண்ட் ஆகியிருக்கிறான். அவன் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று நான்காவதாக ஓர் அபிப்பிராயம் இருக்கக்கூடும் என்பதை ஊருக்கு எடுத்துச் சொல்ல முயன்ற முதல் ஆள் நான். அந்த முயற்சியில் என் கல்யாணம் ஏறக்குறைய நின்றுபோனது.

எண்பதுகளின் தொடக்கம். எம்.ஏ. முடித்து, தபாலில் தொழிலாளர் சட்டமும் படித்து, ஒரு ஷூ கம்பெனியில் அசிஸ்டென்ட் பர்சனல் ஆபீசராகச் சேர்ந்திருந்தேன். (பெயர் நீளமாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். சம்பளம் அதைச் சமன் செய்துவிடும்.) யாருக்கு எந்த விடுப்பு, எந்த மெமோவுக்கு எத்தனை நாளில் பதில், எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்துக்குக் கீழே யார் கையெழுத்து என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் எழுப்பினால்கூட கம்பெனியின் சட்டப் புத்தகமான நிலையாணைகளை உட்பிரிவோடு ஒப்பிப்பேன் என்று பெருமையடித்திருக்கிறேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

என் முக்கியமான வேலை, டொமஸ்டிக் என்கொயரிக்கான காகிதங்களைத் தயார் செய்வது. தொழிற்சாலையில் ஒருவர் மேல் குற்றச்சாட்டு வந்தால், போலீஸ், கோர்ட் என்று போகாமல் கம்பெனிக்குள்ளேயே நடத்தும் விசாரணைக்கு அந்தப் பெயர். அது முடிகிற வரைக்கும் சம்பந்தப்பட்டவர் பாதிச் சம்பளத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பார். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை, தோல் பதனிடும் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ ஒரு மாதம் வேலை பார்த்தவனுக்குக்கூட இது தெரியும்.

எங்கள் ஆபீஸ் என்பது பிளைவுட்டால் இடுப்பளவுக்குத் தடுத்த ஒரு மூலை. நான் டைப் அடிக்கிற குற்றப்பத்திரிகை மேனேஜர் மேஜைக்குப் போவதற்கு முன்பே கேன்டீனில் விவாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அலுத்துப்போன மேனேஜர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பாலு, வாரத்துல ரெண்டு நாள் இங்க வாங்க. மிச்ச நாள் ஃபைலை எடுத்துட்டுப் போய் வீட்ல வச்சு எழுதுங்க. அங்க யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

அவர் ஆம்பூர்க்காரர் அல்லர். வீட்டில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று அவர் நம்பியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்பா ஒரு டேனரியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வேலை என்றால் சங்கு ஊதுகிறபோது கிளம்பிப் போவது, சங்கு ஊதுகிறபோது திரும்பி வருவது; திரும்பி வருகிறவன் மேல் தோல் வாசனை வரவேண்டும். எட்டு மணிக்குச் சங்கு ஊதியும் நான் பாயை விரித்து ஃபைலைப் பரப்பியதை முதல் நாள் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் பக்கத்தில் வந்து என் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"ஒரு வாசனையும் இல்லியேடா."

"வீட்ல உக்காந்துதானேப்பா வேலை செய்றேன்."

"உக்காத்தி வச்சு சம்பளம் குடுக்கறானா? எந்த ஊர்ல?"

"இந்த ஊர்லதான். மேனேஜரே சொல்லியிருக்கார்."

"மேனேஜரே ஒருத்தனை ஊட்ல இருன்னு சொன்னா அதுக்கு இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியும். நீ படிச்சவன், உனக்குத் தெரியல." இதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு தெருவில் யாராவது விசாரித்தால், "அவனுக்கு நைட் ஷிப்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. ஆக, ஊரைப் பொறுத்தவரை நான் ராத்திரியில் தோல் வெட்டுகிற தொழிலாளி. எம்.ஏ. படித்தது இதற்குத்தானா என்று இரண்டு பேர் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். குடியாத்தத்தில் கைலி நெய்கிற குடும்பம். பெண் பெயர் கஸ்தூரி. பத்து நிமிடம் பார்த்தேன். காபி டம்ளரை வாங்கும்போது நான் அவளிடம் "தேங்க்யூ மேடம்" என்று சொல்லிவிட்டேன். (ஆபீஸ் பழக்கம்.) அவள் உள்ளே போய்ச் சிரித்தது கூடம் வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பிலேயே நான் முடிவு செய்துவிட்டேன்: இவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம். இதை எந்தப் படிவத்திலும் எழுதித் தர முடியாததால் அப்பாவிடம் "பரவால்ல" என்று மட்டும் சொன்னேன். பெண் வீட்டாருக்கும் சம்மதம். மாப்பிள்ளை வீட்டைப் பெண்ணின் அப்பா ஒருமுறை வந்து பார்த்துவிட்டால் தேதி குறித்துவிடலாம் என்று பேச்சு.

பெண்ணின் அப்பா முனுசாமி, சொல்லிவிட்டு வருகிற ரகம் அல்லர். சொல்லாமல் போனால்தான் வீட்டின் லட்சணம் தெரியும் என்பது அவர் கொள்கை. ஒரு புதன்கிழமை காலை, நான் கிழிந்த பனியனும் லுங்கியுமாகப் பாயில் கவிழ்ந்து படுத்து, சுற்றிலும் காகிதங்களோடு எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் வெற்றிலைப் பையோடு நின்றார்.

அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அம்மா பதறிக்கொண்டு காபி போட உள்ளே ஓடினாள். நான் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"இன்னா மாப்ள, இன்னிக்கி லீவா?"

"இல்லீங்க மாமா." (இன்னும் நிச்சயம்கூட ஆகவில்லை. மாமா என்று முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டேன்.) "டொமஸ்டிக் என்கொயரி. அது முடியறவரைக்கும் வீட்லதான்."

இந்த இடத்தில் வாசகர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். நான் அடித்துக்கொள்ளவில்லை. என் மனத்தில் ஒரே எண்ணம்தான்: இவர் என்னை வேலையில்லாதவன் என்று நினைத்துவிடக் கூடாது, என் வேலை எவ்வளவு கனமானது என்று இவருக்குத் தெரிய வேண்டும்.

முனுசாமி மாமாவின் முகம் சற்று மாறியது. "எவ்ளோ நாளா?"

"ஒரு மாசம் ஆச்சுங்க. இன்னும் இழுக்கும்."

"சம்பளம்?"

"அது வந்துடும்."

"முழுசாவா?"

நான் துல்லியமான ஆள். பி.எஃப். பிடிக்கிறார்களே. "முழுசான்னு சொல்ல முடியாது. பிடித்தம் போகத்தான்."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "இன்னா கேஸு?"

"அதை வெளியில சொல்லக் கூடாது. ஆனா நீங்க நம்ம மனுஷர். கம்பெனி சொத்தை அனுமதியில்லாம வெளிய எடுத்துட்டுப் போன விஷயம்."

"திருட்டா?"

"நிலையாணைப்படி அப்படித்தான்."

"முடிவு இன்னா ஆவும்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்தபடியே சொன்னேன்: "டிஸ்மிஸ்தான் மாமா. தப்பிக்கவே வழியில்ல. ஒரு ஓட்டை விடாம நானே எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன்."

அம்மா காபியோடு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போய்ட்டாரும்மா. வேலையைப் பத்தி ரொம்ப ஆர்வமா கேட்டார்" என்றேன். அந்தக் காபியையும் நானே குடித்தேன்.

நான் எழுதிக்கொண்டிருந்த கேஸ் என்னவென்று இங்கே சொல்லிவிடுகிறேன். லலிதா என்று ஒரு பெண், கையால் தைக்கிற பிரிவு. ஷூவின் மேல்பாகத்துக்கு எங்கள் பக்கம் அப்பர் என்று பேர். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் கிளம்பியவள், தைக்க வேண்டிய அப்பர்களைச் சாப்பாட்டுக் கூடையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய், குழந்தை பக்கத்தில் உட்கார்ந்தே தைத்து முடித்து, மறுநாள் காலை கொண்டுவந்தாள். கேட்டில் பிடித்தார்கள். திருடிய பொருளைத் தைத்துப் பாலீஷ் போட்டுத் திரும்பக் கொண்டுவரும்போது மாட்டிக்கொண்ட திருடி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆனால் நிலையாணையில் 'வெளியே எடுத்துச் செல்லுதல்' என்றுதான் இருக்கிறதே தவிர, திரும்பக் கொண்டுவருவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கு வரிதானே முக்கியம்.

குடியாத்தத்தில் என்ன நடந்தது என்பது கல்யாணத்துக்குப் பிறகு எனக்குச் சொல்லப்பட்டது. முனுசாமி மாமா வீட்டுக்குப் போனதும் தறிக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். "பையன் திருடன். அதுவும் பேஜாரான திருடன், தானே ஒத்துக்கினு சிரிக்கறான்." எல்லாரும் இந்த இடம் வேண்டாம் என்று முடிவு கட்டியபோது, கஸ்தூரிதான் கேட்டாளாம்: "திருடினவன் எவனாவது டிஸ்மிஸ் ஆவப்போறேன்னு இவ்ளோ குஷியா சொல்வானாப்பா? மேடம்னு கூப்ட்ட ஆளு அவரு. ஏகாம்பரம் மாமாவ அனுப்பி ஒரு தபா விசாரிங்க."

ஏகாம்பரம், கஸ்தூரியின் தாய்மாமன். ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் வேலை. அங்கே தொழிற்சங்கத் தலைவர். எங்கள் கம்பெனித் தொழிலாளர்களும் அதே சங்கம். சங்கத்தில் கேட்டார்; வெள்ளிக்கிழமை காலை எங்கள் கம்பெனியில் திருட்டு சம்பந்தமாக ஒரு டொமஸ்டிக் என்கொயரி இருப்பது உண்மைதான் என்று தெரிந்தது. யார் மேல் என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதைத்தான் நானே ஒத்துக்கொண்டாகிவிட்டதே.

வெள்ளிக்கிழமை நான் கம்பெனிக்குக் கிளம்பிய பிறகு அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அப்பா மறுக்கவே இல்லையாம். "எனக்கு அப்பவே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே போய் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, "வாங்க போலாம். என் புள்ளய நான்தான் காப்பாத்தணும்" என்றாராம்.

என்கொயரி, கம்பெனி மாடியில் நடந்தது. விசாரிக்க வேலூரிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். அவருக்கு ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் லலிதா. நடுவில் நடவடிக்கைக் குறிப்பு எழுத நான், ஒரு மாதமாக வீட்டில் தீட்டிய கூர்மையோடு. லலிதாவுக்குத் துணையாகச் சங்கத்திலிருந்து ஒருவர் வரவேண்டும், அவருக்காகக் காத்திருந்தோம். கீழே வாட்ச்மேனிடம் ஏகாம்பரம் மாமா "என்கொயரிக்குச் சங்கத்துலேர்ந்து வந்திருக்கோம்" என்றதும், அவன் மரியாதையாக மேலே அனுப்பிவைத்துவிட்டான்.

கதவு திறந்தது. முன்னால் மீசையோடு முன்பின் தெரியாத ஒருவர். பின்னால் என் அப்பா. என் பேனா நின்றுவிட்டது.

"வணக்கங்க. பையனுக்குத் துணையா வந்திருக்கேன்" என்றார் ஏகாம்பரம் மாமா.

வக்கீல் அறையைச் சுற்றிப் பார்த்தார். "எந்தப் பையன்?"

மாமா என்னைக் காட்டினார். மேனேஜர் என்னைப் பார்த்தார். லலிதாவும் என்னைப் பார்த்தாள், கொஞ்சம் அனுதாபத்தோடு.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்து கும்பிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

"சார், நான் அவங்கப்பன். நாப்பது வருஷம் டேனரியில மேஸ்திரி. என் புள்ள திருடற ஜாதி இல்ல சார். கம்பெனி சாமானைப் பையில போட்டு வூட்டுக்கு எடுத்துனு வர்றான், அது நெஜம். நானே வாணாம்டான்னு எவ்ளோவோ சொன்னேன். ஆனா ஊட்ல உக்காந்து வேலைய முடிச்சிட்டு மறுபடி கொண்டாந்து இங்கயே குடுத்துடறான் சார். ஒரு துண்டுகூட ஊட்ல தங்கினதில்ல. வேலைய ஊட்ல வச்சுச் செஞ்சா அது திருட்டா சார்?"

"நானும் அதத்தான் சார் ஒரு மாசமா சொல்லிக்கினு கீறேன்" என்றாள் லலிதா.

இந்தக் கட்டத்தில் மூளை உள்ள எவனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் நடைமுறை தெரிந்தவன் ஆயிற்றே. எழுந்து நின்று, "சார், இவர் சாட்சிப் பட்டியல்ல இல்ல. இவர் சொல்றதைப் பதிவு செய்ய முடியாது" என்றேன்.

"பெத்த அப்பனயே பட்டியல்ல இல்லன்றான் பாருங்க" என்றார் ஏகாம்பரம் மாமா, வக்கீலிடம். அதற்குள் அவருக்கு அறையின் நிலவரம் பாதி புரிந்துவிட்டது. சங்கத் தலைவர் அல்லவா. மேஜை மேல் சான்றாக வைத்திருந்த கூடை, லலிதா, ஃபைல் எல்லாவற்றையும் ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு, "அந்தம்மாவுக்குத் துணை நான்தான். பெரியவர் எங்க தரப்பு சாட்சி. எழுதிக்கச் சொல்லுங்க" என்றார்.

வக்கீல் என்னைப் பார்த்தார். "எழுதுங்க."

எழுதினேன். என் அப்பா எனக்கு எதிராகச் சொன்ன சாட்சியத்தை என் கையாலேயே எழுதினேன். 'வேலைய ஊட்ல வச்சுச் செஞ்சா' என்பதை 'பணியை இல்லத்தில் நிறைவேற்றினால்' என்று மாற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்பா பேச்சில் பிழை திருத்துகிற தைரியம் எனக்கு வரவில்லை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஃபைலை நீங்க வெளிய கொண்டுபோறீங்களா?"

"ஆமா சார்."

"கேட் பாஸ் இருக்கா?"

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய்மொழி உத்தரவு, சார்" என்றேன்.

"எனக்கும் எடுத்துனு போன்னு சூப்பர்வைசர் வாயாலதான் சார் சொன்னாரு" என்றாள் லலிதா.

ஒரு ஓட்டை விடாமல் நான் ஒரு மாதம் எழுதிய கேஸ், பத்து நிமிடத்தில் முடிந்தது. மேனேஜர் எழுந்து குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். சொன்ன வேகத்தைப் பார்த்தால், அடுத்த குற்றச்சாட்டு தன் மேல் வந்துவிடும் என்று பயந்ததாகத் தோன்றியது. லலிதா திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். அவளுடைய ஒரு மாதப் பாக்கிச் சம்பளத்துக்கான உத்தரவையும் நான்தான் டைப் அடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக டைப் அடித்தது கிடையாது. அவளைத் துரத்துவதற்கு நான் எழுதிவைத்திருந்த பக்கங்களை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நல்லவேளை, அப்பா வந்தார்.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அப்பா என் தோளைத் தொட்டு, "அப்போ உன்மேல கேஸு இல்ல?" என்றார்.

"இல்லப்பா."

"சஸ்பெண்டு இல்ல?"

"இல்லப்பா. நெஜமாவே வேலைதான் செஞ்சிக்கினு இருந்தேன்."

அப்பா டீக்கடைக்காரரிடம் எல்லாருக்கும் டீ சொன்னார். எல்லாருக்கும் என்றால், கடையில் நின்ற முன்பின் தெரியாதவர்களுக்கும். ஒரு மாதமாகத் தூங்காத மனிதர் என்பது அவர் டீயை ஊதிக் குடித்த விதத்தில்தான் எனக்குப் புரிந்தது.

ஏகாம்பரம் மாமா டீயைத் தொடவில்லை. "அப்போ நீ மாட்டிக்கினவன் இல்ல. மாட்டி வுடறவன்."

"அப்படி இல்லீங்க மாமா. நான் வெறும் காகிதம்தான்..."

"திருடனா இருந்தாகூட அக்கா புருஷன்கிட்ட பேசிச் சமாளிச்சிருப்பேன். ஏதோ கஷ்டம், எடுத்துட்டான்னு. மேனேஜ்மென்ட் ஆளுக்கு எப்டிய்யா எங்க ஊட்டுப் பொண்ணக் குடுக்கறது?"

என் கல்யாணம் இரண்டாவது முறையாக நின்றது. முதல் முறை நான் நிரபராதி என்று தெரியாததால். இந்த முறை, தெரிந்துவிட்டதால்.

பிறகு அவர் டீயை எடுத்தார். "ஆனா உங்கப்பன் சொன்னத ஒரு எழுத்து மாத்தாம எழுதின. பக்கத்துல நின்னு பாத்தேன். உனக்கே ஆப்புன்னு தெரிஞ்சும் எழுதினியே. எங்க ஊட்டுக்கும் அப்டித்தான் இருப்பியா?"

"இருப்பேன் மாமா" என்றேன். பிழை திருத்தப் பயந்துதான் மாற்றாமல் எழுதினேன் என்பதைச் சொல்ல அது சரியான நேரமாகப் படவில்லை.

அடுத்த வாரமே முனுசாமி மாமா தாம்பூலத்தோடு வந்தார். இந்த முறை சொல்லிவிட்டு வந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்ள, எங்க ஊட்ல தறி கூடத்துலயே கீது. பொறந்ததுலேர்ந்து எங்க எல்லாருக்கும் வேலையும் ஊட்லயே, சோறும் ஊட்லயே, சண்டையும் ஊட்லயே. எம் பொண்ணுக்காவது பகல்ல ஆம்பளை இல்லாத ஊடு ஒண்ணு கெடைக்கட்டும்னுதான் ஆபீஸ் மாப்ள தேடினேன். நீ தெனம் வேலைக்குப் போய்டணும்."

அப்பா என்னை முந்திக்கொண்டு, "போவான்" என்றார்.

மறுநாள் மேனேஜரிடம் போய், இனி தினமும் வருகிறேன், ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டேன். ரகசியக் காகிதம் எழுத யார் காதும் எட்டாத இடமாக ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தெரிந்தது: தோலை அச்சு வைத்துப் பிரஸ்ஸில் வெட்டுகிற பிரிவு. அங்கே பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. ஓய்வு பெறும் நாள் வரை பிரஸ்ஸை ஒட்டிய மேஜையில், இடது காதை அதற்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். எழுதியது எதுவும் வெளியே கசியவில்லை. இடது காதும் மெல்ல மெல்லப் போய்விட்டது.

அது மந்தமாகத் தொடங்கியதைக் கஸ்தூரி முதல் வருஷத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். புதுப் புடவை எடுத்தது, அவள் தம்பி பத்து நாள் வந்து தங்கப்போவது, என் பழைய சட்டையைப் பாத்திரக்காரனுக்குப் போட்டது எல்லாவற்றையும் என் இடது பக்கமாக உட்கார்ந்து சொல்வாள். பிறகு நான் குதித்தால், "அன்னிக்கே சொன்னேனே" என்பாள். பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் 'இடது காதில் சொல்லியாச்சு' என்றால், அனுமதி வாங்கியாகிவிட்டது என்று பொருள். பெங்களூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், இந்த மாதம் முழுக்க இங்கிருந்தே வேலை செய்யப்போவதாகவும், கூடத்து மேஜை தனக்கு வேண்டும் என்றும் நேற்றுதான் அந்தக் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

போன வருஷம் டாக்டர் காதுக்குள்ளே, வெளியே தெரியாத சின்ன மெஷின் ஒன்று வைத்துவிட்டார். இப்போது அந்தக் காதில் எல்லாமே நன்றாகக் கேட்கிறது. இதை நான் வீட்டில் யாரிடமும் இன்னும் பதிவு செய்யவில்லை.